பிள்ளையாரை முச்சந்திக்கு மாற்றித் தாருங்கள்: மனைப்பிரிவு வரைபடங்களில் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கு

ஐயா, அம்மா,

என் வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்றால் ரேஷன் கடை திறந்துவிட்டதா, வரிசையில் எத்தனை பேர் என்பதையெல்லாம் சொல்லிவிடலாம். நடுவில் ஒரு சுவர். சுவரிலிருந்து கடைவாசல் நாற்பதடி. ஆனால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் எங்கள் தெருவைத் திரும்ப நடந்து, நகர் வளைவைத் தாண்டி, பைபாஸ் ஓரமாக லாரிகளோடு போய், அடுத்த நகரின் வளைவுக்குள் நுழைந்து, இரண்டு திருப்பம் திரும்பித்தான் அந்த வரிசையில் நிற்கமுடியும். 2 கிலோமீட்டர் 300 மீட்டர். போக மட்டும்.

அந்தச் சுவரை எடுக்கச் சொல்லி எங்கள் தெருக்காரர்கள் 31 பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுவுக்குப் போன மாதம் பதில் வந்தது. இரண்டும் தனித்தனி மனைப்பிரிவுகள், இரண்டும் விதிகளுக்கு உட்பட்டு ஒப்புதல் பெற்றவை, ஆகவே மேல்நடவடிக்கைக்கு இடமில்லை என்று நாலு வரி. அதே வாரம் எங்களுக்குப் பின்புறம் 12 ஏக்கரில் சீமைக்கருவேலை அழித்து, செம்மண்ணைச் சமப்படுத்தி, மஞ்சள் பெயின்ட் அடித்த கல் ஊன்றிவிட்டார்கள். ஒப்புதல் எண்ணோடு வரைபடம் பிளக்ஸில் தொங்குகிறது. அதிலும் ரோடெல்லாம் எங்கள் எல்லையில் வந்து முட்டி நிற்கிறது.

அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் இனி மனு எழுதிப் பயனில்லை என்று இதை எழுத உட்கார்ந்தேன். எந்த அலுவலகம் என்று பெயர் போடவில்லை. ஒரு அலுவலகத்தின் பிசகாக இருந்தால் அங்கேயே போய்க் கேட்டிருப்பேன். மகளைப் பார்க்க, சொந்தக்காரர் கல்யாணத்துக்கு என்று எந்த ஊருக்குப் போனாலும் ஊர் எல்லையில் இதே படம்தான் பார்க்கிறேன்.

நான் காரைக்குடியில் தபால்காரனாக இருந்து ஓய்வுபெற்றவன். 32 வருஷம், அதில் முக்கால்வாசி சைக்கிளில். தெருவைப் பற்றிப் பேச எனக்கு வேறு தகுதி கிடையாது.

காலையில் கடிதங்களை பீட் வாரியாக, அதாவது ஒவ்வொரு தபால்காரரும் சுற்றுகிற பகுதிவாரியாகப் பிரித்த பிறகு, போகிற வழிக்குத் தக்கபடி வரிசையாக அடுக்குவோம். சுப்பிரமணியபுரம், முத்துப்பட்டணம் பக்கம் இந்த அடுக்குகிற வேலை பத்து நிமிஷம். வீதிகளுக்குத் தனிப் பெயர்கூட வேண்டியதில்லை, முதல் வீதி, இரண்டாம் வீதி என்று நம்பர்தான். ஒன்றில் ஏறி, அடுத்ததில் இறங்கி, அதற்கடுத்ததில் ஏறினால் பை காலியாகிவிடும். ஒரு வீதியில் துக்க வீட்டுக்குப் பந்தல் போட்டு அடைத்திருந்தால் அடுத்த குறுக்கு வீதியில் திரும்பிக்கொள்ளலாம். யாருக்கும் கஷ்டமில்லை.

செட்டியார் வீடுகள் இன்னும் ஒரு படி மேல். முகப்பு ஒரு வீதியில், பின்கட்டுக் கதவு அடுத்த வீதியில். சித்திரை வெயிலில் மணியார்டர் கொடுத்துவிட்டு, "ஆச்சி, இப்படியே பின்னாடி போயிக்கிறேன்" என்றால், "மோரக் குடிச்சிட்டுப் போப்பா" என்பார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நேர்கோட்டில் நடந்து அடுத்த வீதியில் வெளியே வருவேன். முகப்பில் விட்ட சைக்கிள் நினைவுக்கு வந்து பாதியில் திரும்பியதும் உண்டு. வீட்டுக்குள்ளேயே தெருவுக்குத் தெரு வழி வைத்துக் கட்டிய ஊர் அது. செட்டிநாட்டு ஊர்களை 2014இல் யுனெஸ்கோ தன் உத்தேசப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. வருகிறவர்கள் எல்லாரும் தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் எடுக்கிறார்கள். எனக்கு அவற்றைவிட வீதிகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. ஒன்றையொன்று நேராக வெட்டிக்கொண்டு போகிற வீதிகள். முற்றத்து மழைத்தண்ணீர் வீதிக்கும் வீதித்தண்ணீர் ஊருணிக்கும் போகிறமாதிரி வாட்டம். அதை நூல் பிடித்துப் போட்டவர்களிடம் ஒப்புதல் எண் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

பணிக்கொடைப் பணத்தில் நான் வாங்கிய மனை இருக்கிற நகரில் 18 தெரு. அதில் 13 முட்டுச்சந்து. சுவரில் முடிவது, வேலியில் முடிவது, ஒன்றுமில்லாமல் முள்ளில் முடிவது. பக்கத்து நகரில் 11 தெருவுக்கு 7. இரண்டு நகருக்கும் நடுவே வழி ஒன்றுகூட இல்லை. எங்களுக்கு இப்போது தபால் கொண்டுவருகிற பையன் ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணே, நீங்கள்லாம் ஏறி எறங்குனீங்க. நான் போயிப் போயித் திரும்புறேன்."

இது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. புரோமோட்டர் சர்வே எண் பார்த்து நிலம் வாங்குகிறார். கிடைத்த நாலைந்து எண், அவற்றின் கோணல்மாணலான எல்லை, அதற்குள் எத்தனை மனை விழும் என்பது அவர் கணக்கு. பக்கத்து நிலத்தை வேறு ஒருவர், வேறு வருஷத்தில், வேறு கோணத்தில் போடுவார். முன்பு ஜனங்கள் நடந்த ஒற்றையடிப் பாதை பட்டா நிலத்தின் ஊடாகப் போனது, அதனால் சர்வே துறையின் நில வரைபடமான புலப்படத்தில் இருக்காது. காகிதத்தில் இல்லாத பாதை கல் ஊன்றிய அன்றே தரையிலும் இல்லாமல் போய்விடும்.

ஆனால் ரோட்டை எல்லைவரை கொண்டுபோய் அங்கே ஏன் சுவரை எழுப்புகிறார்கள் என்பது எனக்கே பின்னால்தான் புரிந்தது. தெருக்குத்து. தெரு நேராக வந்து குத்துகிற மனையை நம் ஜனம் வாங்காது, வாங்கினாலும் விலையைக் குறைத்துத்தான் கேட்கும். ரோட்டை எந்த மனையிலும் முட்டவிடாமல் எல்லைக்கு ஓட்டிவிட்டால் குத்து சுவரோடு போகிறது, மனை முழு விலைக்குப் போகிறது. இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ரோடு எல்லைவரை போவதாகத்தான் எல்லாரும் நினைத்திருந்தோம். டேப் பிடித்துப் பார்த்தால் ஓரடி குறைகிறது. ரோட்டை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்த புரோமோட்டர் கடைசி ஓரடியைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். பின்னால் யாராவது இந்த ரோட்டில் சேர வேண்டுமென்றால் அதற்கு விலை பேசவேண்டும். 30 அடி அகலம், 1 அடி நீளம். ஒரு டபுள் காட் போடுகிற இடம். சுவர் நிற்பது அதன்மேல்தான்.

சுவர் எழுந்த ஆறு மாதத்தில் அதில் ஒரு மாடமும், மாடத்தில் ஒரு பிள்ளையாரும் வந்தார்கள். தெருக்குத்துக்குப் பிள்ளையார் வைப்பது ஊர் வழக்கம்தான். எங்கள் தெருக்காரர்களே வைத்தோம், நானும் நூறு ரூபாய் கொடுத்தேன். இப்போது சுவரை எடுப்பது பற்றிப் பேச்செடுத்தால் "சாமி இருக்கிற எடம்" என்கிறார்கள்.

பிள்ளையாருக்குக் கீழே தரையோடு ஒரு ஹாலோபிளாக் கல் இருக்காது. இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் எங்கள் தெருத் தண்ணீர் போக வழியில்லாமல் முழங்காலளவு நின்றது. நிலத்தின் வாட்டம் அந்தப் பக்கம், கண்மாய் அந்தப் பக்கம், தண்ணீர் பாவம் சர்வே எண் பார்க்காமல் அங்கேதான் போகப் பார்த்தது. ராத்திரி பதினொரு மணிக்கு இரண்டு பேர் கடப்பாரையால் அந்த ஒரு கல்லைப் பெயர்த்தார்கள். மறுநாள் அந்தப் பக்கத்துக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள், நியாயம்தான், எங்கள் தண்ணீர் அவர்கள் வாசலில். இரண்டு தெருவுக்கும் ஒரே வாய்க்கால் போட்டிருந்தால் சண்டைக்கே வேலையில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு அந்த ஓட்டைக்கு வேறு உபயோகம் வந்தது. காலை எட்டேகால் மணிக்கு எங்கள் தெருப் பெண் ஒருத்தி அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு டிபன் டப்பாவை உள்ளே தள்ளுவாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வந்து வாங்கும். அவளுடைய அம்மாவின் கை. அந்த அம்மாள் சுவருக்கு அந்தப் புறம் மூன்றாவது வீட்டில் குடியிருக்கிறார். முட்டிவலிக்காரர், சுற்றிவர முடியாது, தனியாகச் சமைத்துக்கொள்ளவும் முடியாது. சாயங்காலம் டப்பா திரும்பும்போது சில நாள் அதில் உருவிய முருங்கைக்கீரை இருக்கும். ஆளை நான் இன்னும் பார்த்ததில்லை. பச்சைக் கண்ணாடி வளையல் நாலு, கட்டைவிரலில் பழைய வெட்டுத் தழும்பு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஆம்புலன்ஸ் வர முடியாமல் போன கதை ஒவ்வொரு நகரிலும் ஒன்று இருக்கும். எங்கள் தெருவிலும் இருக்கிறது, சொல்லப்போவதில்லை. ஆபத்து என்றைக்கோ வருவது. எங்களுக்குத் தினசரிதான் பாடு. பக்கத்து நகர்ப் பள்ளிக்கூடத்தின் மணி எங்கள் வீட்டுக்குக் கேட்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேர் அங்கே படிக்கிறார்கள், ஒன்பது பேரும் வேனில் போகிறார்கள். மணிச்சத்தம் கேட்கிற தூரத்துக்கு மாதம் 800 ரூபாய். தள்ளுவண்டியில் காய்கறி கொண்டுவந்தவர் எங்கள் நகருக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு சந்தாக உள்ளே போய் அதே வழியில் வெளியே வருவதற்குள் வெண்டைக்காய் வாடிவிடுகிறது என்று காரணம் சொன்னார். அறுபது வயதில் ஸ்கூட்டி ஓட்டப் பழகிய இரண்டு அம்மாக்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். வேறு வழியில்லை, மல்லித்தழை வாங்கவும் வண்டி வேண்டும். காலை எட்டரைக்கு இந்த வட்டாரத்து நகர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரே ஒரு வாய் வழியாக பைபாஸில் கொட்டுகின்றன. பிறகு பைபாஸில் நெரிசல் என்று மேம்பாலம் கேட்டு நாங்களே மறியல் செய்வோம்.

என் மகள் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னாள். பாரிங்டன்-லே, மில்லார்ட்-பால் என்ற இருவர் உலகம் முழுக்கத் தெரு வரைபடங்களை எடுத்து, தெருவும் தெருவும் எந்த அளவுக்குச் சேருகின்றன என்று அளந்து, 2020இல் வெளியிட்டிருக்கிறார்கள். 1975க்குப் பிறகு உலகத்தின் பெரும்பகுதியில் புதிதாகப் போட்ட தெருக்கள் மேலும் மேலும் சேராமல் போய்க்கொண்டிருக்கின்றனவாம். கட்டடம் இடிந்து வேறு கட்டடம் வரும், ஆனால் ஒருமுறை விழுந்த தெரு தலைமுறைக்கும் மாறாது என்பது அவர்கள் கவலை. மதுரை மாசி வீதியில் நின்றவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நல்லபடி போட்ட தெரு அப்படி நிற்கிறது என்றால், கெட்டபடி போட்டதும் அப்படித்தானே நிற்கும்?

உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். இந்த மாகாணத்தில் 1920லேயே நகரமைப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு 1971ஆம் வருஷத்துச் சட்டம். அதில் ஊர் முழுமைக்கும் முழுமைத் திட்டம், அதற்குக் கீழே பகுதிவாரியாக விரிவு அபிவிருத்தித் திட்டம் என்று இருக்கிறது. மனை விழுவதற்கு முன்னால் தெருவுக்குக் கோடு போடத்தான் அது. குஜராத்தில் 1976ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி பல பேருடைய நிலத்தை ஒன்றாக வைத்து, முதலில் ரோட்டை வரைந்து, ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் செய்து, மீதியைத் திருத்தமான மனையாகத் திருப்பித் தருகிறார்கள். அதே மாதிரி முழுக்கச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. கோடு போடுவது இந்த நாட்டில் நடக்காத காரியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நல்ல வாய்ப்பு ஒன்று நம் கையிலேயே வந்து போனது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவுசெய்யக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் போட்ட மனைகளுக்குக் கட்டணம் வாங்கி ஒழுங்குபடுத்தினார்கள். அந்தச் சமயத்தில் ஒவ்வொரு கோப்பும் உங்கள் மேஜைக்கு வந்திருக்கும். பக்கத்துப் பக்கத்து வரைபடங்களை ஒன்றாக விரித்துப் போட்டு, இந்த ரோடு அந்த ரோட்டில் சேருமா என்று பார்த்திருக்கலாம். எங்கள் வட்டாரத்தில் கட்டணம் சேர்ந்தது, ரோடு சேரவில்லை. 2019ஆம் வருஷத்து ஒருங்கிணைந்த விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் பத்து சதவீதம் திறந்தவெளிக்கு விடவேண்டும். எங்கள் நகரிலும் விட்டிருக்கிறார்கள், பூட்டுப் போட்டு ஆடு மேய்கிறது. ரோட்டின் அகலத்தை அங்குலம் பிசகாமல் பார்க்கிறீர்கள். அந்த ரோடு எங்கே போகிறது என்று நீங்கள் கேட்டதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு அடையாளமும் இல்லை. 2024இல் காரைக்குடி அக்கம்பக்கத்து ஊர்களைச் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி ஆகிவிட்டது. பலகையில் சேர்ந்த ஊர்களைத் தெருவில் யார் சேர்ப்பது?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், எங்கள் நகர்க்காரர்கள் சிலர் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. மனுவில் கையெழுத்துப் போடாதவர்கள் இருக்கிறார்கள். திருட்டுப் பயம் என்று வெளியே சொல்வார்கள். திண்ணையில் பேசும்போது "வழி விட்டா அந்தப் பக்கத்து ஆளுங்கள்லாம் நம்ம தெரு வழியாத்தான் போவாங்க" என்று வரும். அந்தப் பக்கத்தில் ஒரு பழைய குடியிருப்பு இருக்கிறது. யார் குடியிருப்பு என்று நான் எழுதத் தேவையில்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 2008 மே மாதம் சுவரின் ஒரு பகுதியை அரசாங்கமே இடிக்க வேண்டிவந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அங்கே அது தீண்டாமைச் சுவர் என்று பெயர் பெற்றது. இங்கே "காம்பவுண்டு" என்று பிரசுரத்தில் வசதிகளின் பட்டியலில் வருகிறது. எங்கள் சுவரை எழுப்பியவருக்கு அந்த எண்ணம் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன், அவருக்கு மனை விலைதான் எண்ணம். ஆனால் சுவர் நின்றுவிட்டால் அதற்குக் காரணம் தன்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. முப்பத்திரண்டு வருஷம் எல்லாத் தெருவுக்கும் ஒரே சைக்கிளில் போனவன் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமுடியாது.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

அவசரமானது அந்த 12 ஏக்கர். அங்கே இன்னும் ரோடு போடவில்லை, கல்தான் ஊன்றியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் முட்டுகிற ரோடுகளில் இரண்டையாவது எங்கள் ரோடுகளோடு நேருக்கு நேராகச் சேர்த்துத் திருத்திய வரைபடம் வாங்குங்கள். தார் விழுந்த பிறகு நீங்கள் நினைத்தாலும் முடியாது. ஒரு மாதத்துக்குள் இது நடக்கவேண்டும்.

எங்கள் சுவர் நிற்கிற ஓரடியைப் பொதுவழிக்காக எடுத்துக்கொண்டு சுவரை அப்புறப்படுத்துங்கள். உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுத்த ரோட்டின் கடைசியில் யார் சுவர் வைத்திருந்தாலும் ஊர் ஊராகக் கணக்கெடுத்து, அந்தப் பட்டியலை நாங்கள் பார்க்கிறமாதிரி வெளியிடுங்கள். இனி எழுதுகிற தானப்பத்திரம் எதுவானாலும் ரோடு எல்லைக்கோடு வரை, ஓரடி பாக்கியில்லாமல் வரட்டும்.

புதிய மனைப்பிரிவு எதற்கும் ஒப்புதல் கேட்டு வருகிறவர் தன் நிலத்தை மட்டும் வெள்ளைக் காகிதத்தில் தனித்தீவாக வரைந்துகொண்டு வந்தால் திருப்பி அனுப்புங்கள். சுற்றிலும் அரைக் கிலோமீட்டருக்கு இருக்கிற தெரு, வாய்க்கால், ஜனங்கள் நடக்கிற பாதை எல்லாம் அந்தப் படத்தில் இருக்கவேண்டும். நாலு பக்கமும் எங்கெங்கே சேரலாம் என்று காட்டவேண்டும். இப்போது இல்லாவிட்டாலும் நாளைக்குச் சேர்வதற்கு இடம் விடவேண்டும். வாய்க்கால் குறுக்கே வந்தால் பாலம் யார் பொறுப்பு என்று அங்கேயே எழுதுங்கள். அப்புறம் தெருத் தண்ணீர். அது எந்தப் பக்கம் போகும் என்று ஒரு அம்புக்குறியாவது போடச் சொல்லுங்கள்.

பிள்ளையாரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சுவர் போனால் அங்கே எங்கள் தெருவும் அந்தத் தெருவும் பக்கவாட்டுச் சந்தும் கூடுகிற முச்சந்தி வரும், மூலையில் ஒரு மேடை போட்டு எழுந்தருளச் செய்கிற செலவு தெருக்காரர்களுடையது. கையெழுத்துப் போடாதவர்களில் இரண்டு பேர்கூட இதற்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

பதிலை எழுத்தில் கொடுங்கள். "விதிப்படி உள்ளது" என்று மறுபடியும் எழுதுவதற்கு முன் யாராவது ஒருவர் நேரில் வாருங்கள். காலை எட்டு மணிக்கு வந்தால் நல்லது, எட்டேகாலுக்கு அந்த ஓட்டைப் பக்கம் நின்று பார்க்கலாம். வழி கேட்கும்போது மட்டும் சுவருக்கு எந்தப் பக்கம் என்று சேர்த்துக் கேளுங்கள். தப்பான பக்கம் வந்துவிட்டால் என் வீட்டுக்கு இன்னும் 2 கிலோமீட்டர் 300 மீட்டர் ஆகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரன் ஒருவன்,
காரைக்குடிக்கு வெளியே, சுவருக்கு இந்தப் பக்கம்